நீலக் காவலும் வெள்ளைக் காவலும்

போன வருஷம் உம்மு ஹைஸமின் மூத்த மகள் ருலாவின் கல்யாண வீடியோ அபு வஜ்தியின் ஸ்டுடியோவில் செத்துப்போனது. இருந்தது ஒரே டிஸ்க். அதுவும் டொக் டொக்கென்று தட்டிவிட்டு அடங்கிவிட்டது. உம்மு ஹைஸம் விடுகிற பெண்பிள்ளை இல்லை. மண்டபத்தைத் திரும்பப் பிடித்து, மாப்பிள்ளையைத் திரும்பச் சவரம் செய்ய வைத்து, கல்யாணத்தை முதலிலிருந்து நடத்தி மறுபடி படம் எடுக்க வைத்தாள். அதற்குள் ருலாவுக்கு ஏழாம் மாதம். படம் முழுக்கப் பூச்செண்டை வயிற்றுக்கு முன்னால் பிடித்தபடியே ஆடினாள். மாப்பிள்ளைக்குக் கோட்டுப் பொத்தான் எட்டவில்லை. மனம் சரியில்லாதபோது தெருக்காரர்கள் இன்றைக்கும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

இப்போது இளையவள் நஹ்லாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிட்னியில் இருக்கிறவன். சனிக்கிழமை கல்யாணம், புதன்கிழமை சாயங்காலம் விமானம்.

"இந்தத் தடவை திரும்ப எடுக்கிற கதையெல்லாம் கிடையாது, புள்ளைங்க பறந்துடும்" என்றாள் உம்மு ஹைஸம். "படம் போச்சு, உன் கேமராவை உன் கழுத்துலயே கட்டிக் கடல்ல தள்ளுவேன்யா."

அவள் சொன்னால் செய்வாள். அதனால்தான் அபு வஜ்தி பெய்ரூட்டின் புர்ஜ் ஹம்மூத் கடைத்தெருவுக்குப் போய் வார்த்கெஸின் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்தார். ஒன்றில் எழுதினால் மற்றதிலும் தானாக எழுதிக்கொள்ளும்படி இரண்டு டிஸ்க் வேண்டும் என்றார்.

வார்த்கெஸ் ஒரு மதர்போர்டை மேஜைமேல் வைத்தான். "டிஸ்க்கை ஜோடி சேர்க்கிற ரெய்டு சில்லு இதுல ரெண்டு இருக்கு முஅல்லிம். கேபிள் சொருகுற இந்த நீல வாயெல்லாம் பெரிய சில்லோடது. வெள்ளை வாய் ரெண்டும் ஓரத்துல ஒட்டியிருக்கிற சின்னதோடது. எதுல வேணும்னாலும் மாட்டலாம்."

"ஒரே வேலைக்கு எதுக்குடா ரெண்டு ஆளு? ஒருத்தன் திருடன்னு செஞ்சவனுக்கே தெரியும்போல."

"அப்படியில்ல. பெரியது வீட்டுக்காரன் மாதிரி. சின்னது குடித்தனக்காரன்."

"வீட்டுக்காரன் யோக்கியன்னு உனக்கு யாரு சொன்னா? என் வீட்டுக்காரனை வந்து பாரு." அபு வஜ்தி பலகையைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார். "நீலத்துல ஒண்ணு, வெள்ளையில ஒண்ணு மாட்டு. ஆளுக்கொரு எஜமான். சேர்ந்து சதி பண்ண முடியாது."

"அது ஜோடியே இல்ல! பொண்ணை வடக்கே ட்ரிப்போலியிலயும் மாப்பிள்ளையைத் தெற்கே ஸைதாவிலயும் உட்கார வச்சு நிக்காஹ் பண்ற மாதிரி."

வார்த்கெஸ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என்னைக் கேட்டா வெள்ளைதான்."

"அப்போ நீலம்" என்றார் அபு வஜ்தி.

வார்த்கெஸ் குனிந்து திருப்புளியைத் தேடினான். அவன் தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கல்யாணம் அமர்க்களமாக முடிந்தது. மறுநாள் காலையில் படம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அடுத்த வேலைக்காகக் கேமராவைக் காலி செய்தார். மத்தியானம் கிப்பே கறி உருண்டையை வாயில் வைத்தபோதுதான் உறைத்தது. அது இருமல் இல்லை, சிரிப்பு. வெள்ளை என்றால் நான் நீலம் என்பேன் என்று அந்தப் பயலுக்குத் தெரியும். அவனுக்கு வேண்டியது நீலம். ஏன் வேண்டும்?

தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய்க் கம்ப்யூட்டரை அணைத்து, பெட்டியைத் திறந்து, ஒரு டிஸ்க்கின் கேபிளை நீலத்திலிருந்து பிடுங்கி வெள்ளையில் செருகினார். திரும்பப் போட்டதும் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. என்ன எழுத்தோ, என்ன எழவோ. ஏதோ ஒரு பித்தானைத் தட்டினார். வரி போய்விட்டது, படம் ஓடியது. அவருக்கு அது போதும்.

திங்கட்கிழமை உம்மு ஹைஸம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் வாளால் கேக் வெட்டும் இடம் வந்தது. மாப்பிள்ளையின் தாய், பெண்ணுக்குப் போட்டியாக வெள்ளைக் கவுனில் வந்திருந்தவள், வாளின் பிடியில் முதல் கையாகத் தன் கையை வைத்தாள். அடுத்த நொடி உம்மு ஹைஸம் வாளைப் பறித்தாள். சம்பந்தி மேஜையைச் சுற்றி ஓட, இவள் துரத்த, கேக்கின் மேல்தட்டு தபலாக்காரனின் மடியில் விழுந்தது.

"அழி" என்றாள்.

"அருமையா வந்திருக்கும்மா."

"அழிய்யா! என் கண்ணு முன்னாலயே. வெட்டாத படமும் இருக்கக் கூடாது. அந்தக் கழுதை சிட்னியில ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டுவா."

வேலைக்கு வேண்டியதைத் தனியே எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவள் கண் முன்னாலேயே அழித்தார்.

புதன்கிழமை படம் தயார். பென் டிரைவில் இறங்கிக்கொண்டிருந்தது. அரசாங்க மின்சாரம் போய்த் தெரு ஜெனரேட்டர் வரும் வேளை அது. பெய்ரூட்டில் கைக்குழந்தைகூட அந்த வேளையில் லிஃப்டில் ஏறாது. அபு வஜ்தியும் எப்போதும் முன்கூட்டியே மெஷினை அணைப்பவர்தான். அன்றைக்கு அவசரம், அணைக்கவில்லை. விளக்கு போனது, வந்தது. டொக் டொக். திரை கறுப்பு. பென் டிரைவைப் பிடுங்கி டிவியில் செருகிப் பார்த்தால் அதிலும் ஒன்றும் இறங்கியிருக்கவில்லை.

போன் போட்டதும் வார்த்கெஸ் ஸ்கூட்டரில் பறந்து வந்தான். வந்தவன் சிரித்தான். "ஒண்ணு செத்தா என்ன முஅல்லிம்? இதுக்குத்தானே ஜோடி." பெட்டியைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. "இந்தக் கேபிளை வெள்ளையில போட்டது யாரு?"

"உன் சிரிப்பு."

"அட படுபாவி மனுஷா! பலகையே எரிஞ்சாலும் அந்தப் பெரிய சில்லு வேற பலகையில கிடைக்கும், சின்னதைத் தேடி எங்க போறதுன்னுதானே உங்களை நீலத்துக்குத் தள்ளினேன்! ஞாயித்துக்கிழமையிலிருந்து இது தனியா தூங்கிட்டிருக்கு. நீங்க வெட்டினது, ஒட்டினது ஒண்ணும் இதுல இல்ல."

"அதுக்கு முன்னால உள்ளது?"

தட்டிப் பார்த்தான். கல்யாணம் இருந்தது. முழுசாக, வாளோடு இருந்தது. கீழே விமான நிலையம் போகிற கார் ஹாரன் அடித்தது. வெட்ட நேரமில்லை. வாளோடு கொடுத்தால் உம்மு ஹைஸம் கொல்லுவாள். கொடுக்காவிட்டாலும் கொல்லுவாள். கொடுத்துவிட்டாவது சாவோம் என்று முழுவதையும் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு, கார் ஜன்னலில் நஹ்லாவின் கையில் திணித்தார்.

"அங்க போய்ப் பாரு கண்ணு. உங்கம்மா பக்கத்துல இருக்கிறப்போ வேண்டாம்."

அடுத்த வாரம் மாடிப்படியில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டது. அபு வஜ்தி கேமராவை மேஜைக்கு அடியில் தள்ளினார்.

"என் கண்ணு முன்னாலதானேய்யா அழிச்சே?"

"ஒரு டிஸ்க்கைத்தான் நீ பார்த்தே. இன்னொண்ணு வேற எஜமான்கிட்ட இருந்துச்சு."

உம்மு ஹைஸம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சம்பந்தியோட நாத்தனாருங்க எல்லாரும் சிட்னியிலிருந்து போன் பண்றாளுங்க. முப்பது வருஷமா நாங்க செய்ய நினைச்சதை நீ செஞ்சுட்டே அக்கான்னு ஒருத்தி அழுறா. போடு அதை. வாள் பிடிச்ச கை நல்லாத் தெரியுதான்னு பார்க்கணும்."

போட்டார். மூன்று தடவை பார்த்தாள். போகும்போது, "இது இன்னொரு டிஸ்க்குலயும் இருக்கட்டும். தொலைஞ்சா நீ தொலைஞ்சே" என்றாள்.

அபு வஜ்தி வார்த்கெஸை அழைத்தார். "புது டிஸ்க் ஒண்ணு எடுத்துட்டு வா. நீலமா, வெள்ளையா? எதுல ஜோடி போடலாம்?"

அந்தப் பக்கம் வார்த்கெஸ் திருப்புளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"உங்க இஷ்டம் முஅல்லிம்."

அபு வஜ்தி திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார், வெள்ளையைப் பார்த்தார்.

"டேய், ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைடா!"