அரிமளத்துக்கு வந்த ஜூரி

தேனப்பன் இங்கிலாந்தில் ஜூரியாகச் சத்தியம் செய்த திங்கட்கிழமை, நம்மூர் நேரம் மாலை நாலு மணிக்கு, அந்த நீதிமன்றம் அப்படியே அரிமளத்தில் சோலையப்பன் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கியது. ஜட்ஜ் பொய்முடியோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் ஃபிரிட்ஜ் பக்கம் நின்றார். ஜூரி பன்னிரண்டு பேரும் சுவரோரம் இரண்டு வரிசையாக அமர்ந்தார்கள். தேனப்பன் ஏழாவது ஆள், கோட்டுப் போட்டிருந்தான். வீட்டுக்காரர்கள் அவர்கள் கண்ணுக்குப் படவே இல்லை. சோலையப்பனின் மனைவி சொர்ணவல்லி கிரைண்டரை நகர்த்தி அவர்களுக்கு இடம் விட்டாள். அன்று அரிமளத்தில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய்.

ஏன் வந்தது என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. சோலையப்பனின் வயிற்றெரிச்சல்தான் இழுத்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மனுஷன் புதுக்கோட்டை நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருஷம் டவாலி. வாசலில் நின்று ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை கூப்பிடுவார், பிறகு ஜட்ஜ் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பார். மூன்றாவது சாட்சி ஏறும்போதே யார் புளுகுகிறார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் நீ என்னப்பா நினைக்கிறாய் என்று ஒரு ஜட்ஜ் கேட்டிருப்பாரா? ம்ஹூம். இந்த நாட்டில் ஜூரியை எப்போதோ எடுத்துவிட்டார்கள். சித்தப்பா மகன் தேனப்பனோ பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை பெயிலானவன். அங்கே போய்க் கடை வைத்து, குடியுரிமை வாங்கி, இப்போது ஒரு மனிதன் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல வரும்படி அரசாங்கமே அவனுக்குக் கடிதம் போடுகிறது! அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் வேறு போட்டுவிட்டான். சோலையப்பன் ‘வாழ்த்துகள் தம்பி’ என்று அனுப்பிவிட்டு செல்போனைக் கட்டிலில் எறிந்தார்.

“இவன் தீர்ப்புச் சொல்லப் போறானாம்ல!” என்றார் மனைவியிடம்.

“சொல்லிட்டுப் போகட்டும். ஒங்களுக்கு ஏன் எரியுது?” என்றாள் சொர்ணவல்லி.

எரியத்தான் செய்தது. தன் வீட்டுக் கூடத்தில், தன் நாற்காலியில், தன் பங்காளி நியாயம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் இங்கேயும் ஓரமாக நின்றார். வக்கீல்களின் இங்கிலீஷ் அவருக்குப் பழகியதுதான். ஃபிரிட்ஜ் பக்கம் நின்றவர், மாடிப்படியிலிருந்து தன் தம்பியைத் தள்ளிவிட்டார் என்று வழக்கு. தம்பி பிழைத்துக்கொண்டார், ஆனால் விழுந்தது எப்படி என்று அவருக்கு நினைவில்லை. தம்பியின் வீடு, கார் எல்லாவற்றையும் கரித்துக்கொட்டி அண்ணன் பல வருஷமாக அனுப்பிய மெசேஜ்களை அரசு வக்கீல் மூன்று நாள் வாசித்தார். தம்பி விழுந்தபோது அவருடைய சட்டைக் கை கிழிந்து அண்ணன் கையில் இருந்தது என்பதையும் சொன்னார். பொறாமைதான் காரணம் என்று முடித்தார். சோலையப்பனுக்குக் காது சுட்டது. ஒவ்வொரு மெசேஜும் தானே எழுதியது போல இருந்தது.

வியாழக்கிழமை முடிவெடுக்க ஜூரியை அனுப்பினார்கள். பன்னிரண்டு பேரும் சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். சொர்ணவல்லி உள்ளேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சோலையப்பன் கொல்லை வழியாக நுழைந்தார். பதினோரு கை குற்றவாளி என்று உயர்ந்துவிட்டது. தேனப்பன் திருதிருவென்று முழித்துக்கொண்டு தன் கையையும் பாதி தூக்கியிருந்தான். தூக்கினால் அந்த மனிதனுக்கு எப்படியும் ஏழெட்டு வருஷம் உள்ளே. அவர் தள்ளவில்லை என்று சோலையப்பனுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. இருந்தும், தூக்கட்டும் என்று மனசு ஒரு நிமிஷம் குதூகலித்தது. தப்பாகத் தீர்ப்புச் சொன்னான் என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டலாமே! வாயைத் திறந்தாலோ, பாழாய்ப்போன பெருமை மொத்தமும் தேனப்பனுக்குத்தான் போகும்.

நினைக்கவே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்தி, “தேனப்பன்! தேனப்பன்! தேனப்பன்!” என்று கூப்பிட்டார். கை அந்தரத்தில் நின்றது. “தள்ளுறவன் கையில சட்டைக் கை எப்படிறா கிழிஞ்சு வரும்? பிடிச்சு இழுத்தவன் கையிலதான் வரும். பொறாமைப்பட்டவன் தள்ளமாட்டான்டா. எதிராளி நல்லா இருந்து, நாம அதுக்கு மேல இருக்கணும்னுதான் கெடந்து சாவான். எனக்குத் தெரியாதா?”

தேனப்பன் யாரும் இல்லாத திசையைப் பார்த்தான். கையை இறக்கினான். தன் கோட்டுக் கையையே பிடித்து இழுத்துக் காட்டி, திக்கித் திக்கிப் பேச ஆரம்பித்தான். மறுநாள் மாலை, பன்னிரண்டு பேரும் ஒருமனதாகக் குற்றவாளி இல்லை என்றார்கள்.

விடுதலையானவர் வக்கீலைப் பார்க்கவில்லை, ஜூரியையும் பார்க்கவில்லை. நேரே கூடத்தின் ஓரத்துக்கு வந்து, அங்கே நின்ற சோலையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு செருப்புகளைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தேனப்பன் போன் பண்ணினான்.

“ஜூரி ரூமுக்குள்ள நடந்ததை வெளிய சொன்னா இங்க ஜெயில்ண்ணே. ஆனா அந்தாளு போறப்ப எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கல. மூலையில யாருமே இல்ல, அங்க போயி நின்னு அழுகுறாரு. எவனுக்கோ நன்றி சொல்ற மாதிரி. அவ்வளவு பேசினது நானு!”

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று சோலையப்பனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அறுபத்திமூன்று வயதில் முதல் தடவையாக அது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

“சாப்புட்டியாடா?” என்று ரொம்பப் பிரியமாகக் கேட்டார்.