பட்டி வாசலில் வேப்பிலை

பொன்னுத்துரையின் பன்றி செத்தது என்று யாரும் சொல்லவில்லை. வெட்டினார்கள் என்றுதான் சொன்னார்கள். தீனி எடுக்காமல், காது சிவந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு கிடக்கிற பன்றியை மூச்சு நிற்பதற்குள் வெட்டிவிட்டால் அது நல்ல இறைச்சி. எங்கள் லயத்து நியாயம் அப்படி. பலாபத்வலைக்கு மேலே, றப்பர்த் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகள்தான் அந்த லயம். ஒற்றை அறைக் காம்பராக்களில் பாதிக்குப் பின்னால் பன்றிப்பட்டி உண்டு. ஒருவன் வெட்டினால் எல்லாருக்கும் பங்கு போகும். பங்கு வாங்கியவன் இறைச்சி கழுவிய தண்ணீரையும் மிச்ச எலும்பையும் தன் பன்றிக்கு ஊற்றுவான். கொஞ்ச நாளில் அவனும் கத்தி தீட்டுவான்.

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. வெள்ளச்சி. அரசாங்கப் பண்ணையிலிருந்து குட்டியாய் வந்தவள், நிறைசினை. தோட்டத்து வேலைப் பதிவில் என் பேரை வெட்டிவிட்டார்கள். அந்த வருஷம் கூப்பன் அரிசியையும் பாதியாக வெட்டியிருந்தார்கள். எனக்கும் பெண்சாதி பாலாமணிக்கும் மகள் இராஜகுமாரிக்கும் அடுப்பு எரிந்தது வெள்ளச்சியின் குட்டிகளால்தான். அவள் போனால் நாங்களும் போகவேண்டியதுதான். இதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை.

மாத்தளையிலிருந்து ஊசி போடுகிற ஐயா வந்தார். பதுர்தீன் என்று பேர். மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த மனுசன். பன்றிக் காய்ச்சல் பரவியதும் அதற்கும் அவரையே அனுப்பியிருந்தார்கள். லயத்தில் காய்ச்சல் காணாத பட்டிகளுக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டுக் கடைசிக் காம்பராவுக்கு, என்னிடம் வந்தார். முழங்கால் வரைக்கும் றப்பர் சப்பாத்து. அதை எங்கேயோ கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனாலும் வாசலை மறிக்கிற தட்டிக்கு வெளியே நின்றுகொண்டார்.

"ஐயாவுக்குப் பள்ளிவாசல்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா, பன்னிப் பக்கம் போறதுக்கு?" என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

"கேட்டாங்க. நான் காய்ச்சலைப் பிடிக்கத்தான் போறேன், பன்னியைப் பிடிக்க இல்லன்னு சொல்லிட்டேன்." அவர் கோபப்படவில்லை. "எப்ப ஈனும்?"

"இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது."

"அப்ப ஊசி போட ஏலாது. சினைக்கு இந்த மருந்து ஆகாது. குட்டி விழுந்துரும்."

ஊர்ப் பன்றிக்கெல்லாம் மருந்து இருக்கிறது, என் பன்றிக்கு மட்டும் இல்லை என்கிறான். இவன் சொல்வது மெய்யா, பெட்டியில் மருந்து தீர்ந்துபோய்ச் சாட்டுச் சொல்கிறானா, யார் கண்டது?

"அப்ப சாகட்டும்னு விடவா?"

"பட்டிப் பக்கம் ஆளை விடாதீங்க, நாயை விடாதீங்க. யாரு வீட்டுப் பங்கு இறைச்சியும் உங்க குசினிக்குள்ள வரப்படாது. இது காலுல வரும், வாளியில வரும், எலும்புல வரும். தீனி எங்கேருந்து எடுக்கிறீங்க?"

"டவுன்ல கலந்தர் காக்காட சோத்துக் கடைக் கழிவு."

அவர் சிரித்துவிட்டார். "அதை விட நல்ல தீனி இந்தப் பக்கத்துலயே கிடைக்காது. முஸ்லிம் கடை, அதுல தப்பித்தவறியும் பன்னி எலும்பு வராது."

போகும்போது ஒரு கறுப்பு மருந்துப் போத்தலைத் தட்டி ஓரம் வைத்தார். தண்ணீரில் ஊற்றினால் பாலாய் வெளுக்குமாம், அதை வாசலில் வைக்க வேண்டுமாம். உள்ளே வருகிற ஒவ்வொரு காலும் அதில் மிதித்து வரவேண்டுமாம். சும்மா கொடுக்கிற மருந்தில் என்ன இருக்குமோ? திறக்காமல் அடுப்பு மேட்டில் வைத்தேன்.

அன்று பின்னேரமே பொன்னுத்துரை வந்தான், தேக்கிலையில் சுற்றிய பங்கோடு.

"மச்சான், தொடைப் பக்கமா பார்த்து எடுத்து வச்சேன்."

"அங்கனயே நில்லு."

"என்னடா, கோட்டை வாசலா இது?" தட்டியைத் தள்ளினான். அவன் கால் விரல்களுக்கு நடுவே பட்டிச் சேறு காய்ந்து இருந்தது. என் கண் அதை விட்டு நகரவில்லை. தட்டியை நான் இந்தப் பக்கமிருந்து பிடித்துக்கொண்டேன்.

"உள்ள வராத. பங்கும் வேணாம்."

"என் பங்கு உனக்குக் கசக்குதோ? போன தீவாளிக்கு நக்கி நக்கித் தின்னியே, அப்ப இனிச்சிச்சா?" பொட்டலத்தை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டுப் போனான். எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தேன். அவனுடைய நாய் வேலிக்கு வெளியே நின்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய கல்லாகப் பார்த்து உருட்டி அதன்மேல் வைத்தேன்.

ஆனால் நான் பயந்தது பொன்னுத்துரைக்கு இல்லை. சன்னாசிப் பூசாரிக்கு.

லயத்தில் பன்றிகள் விழத் தொடங்கியதும், இது அம்மன் கோபம் என்று சொல்லிப் பூசாரி கரகம் எடுத்தார். உடுக்கை அடித்துக்கொண்டு பட்டி பட்டியாக இறங்கினார். நோய்ப் பன்றியின் முதுகில் மஞ்சள் தண்ணீரை வேப்பங்கொத்தால் தெளித்து, அதே கொத்தால் தடவி, அதே கொத்தோடு அடுத்த பட்டிக்குள் இறங்குவார். வெறுங்கால். ஊசி ஐயா சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் பூசாரி ஏறி இறங்கிய பட்டிகளில் பிறகு என்ன நடந்தது என்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? உடுக்குச் சத்தம் ஒவ்வொரு நாளும் எங்கள் பக்கமாய் நகர்ந்து வந்தது. பங்கைத் திருப்பி அனுப்பலாம். வாசலுக்கு வருகிற அம்மனை எவன் திருப்பி அனுப்புவான்?

"என்னாங்க, நாளைக்கு நம்ம முறைதான்," என்றாள் பாலாமணி.

விடிந்து பார்த்தால் எங்கள் தட்டியிலே வேப்பங்கொத்து தொங்கியது. அவள்தான் கட்டியிருந்தாள்.

"ஏ புள்ள, என்ன காரியம் செஞ்ச?"

"இராஜகுமாரிக்கு அம்மா வந்திருக்கான்னு குழாயடியில சொல்லிட்டேன். அம்மை கண்ட வீட்டுக்குள்ள எவன் வருவான்?"

"எனக்கு அம்மை போட்டது எனக்கே தெரியாதே," என்றாள் மகள், பல் விளக்கிக்கொண்டே.

"நீ உள்ள போய்ப் படுடி!"

நோய்ப் பட்டிக்குள் போகாதே என்று அரசாங்கம் லயத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதை எவனும் மதிக்கவில்லை. ஒரு பிடி வேப்பிலையை மதித்தார்கள். எங்கள் வேலியோரம் நடந்தவர்கள் சுற்றிப் போனார்கள். பொன்னுத்துரை தன் நாயைக்கூடக் கட்டிப் போட்டான். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. அம்மன் பேரில் பொய். பொய்யை மெய்யாக்குவது அவளுக்கு எவ்வளவு நேரம்? இராஜகுமாரி தலை வலிக்கிறது என்று ஒரு சொல் சொன்னாள். பாலாமணி ஓடி ஓடி வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் காம்பராவுக்கும் பட்டிக்குமாய் நடந்தேன். மகளின் முகத்தில் கொப்புளம் தேடுவேன், பிறகு வெள்ளச்சியின் காதில் சிவப்புத் தேடுவேன்.

அம்மை வீட்டுக்காரன் கடைத்தெருவுக்குப் போகக் கூடாது. கலந்தர் காக்கா கடைக் கழிவும் நின்றது. பலாக்காயை அவித்து நாங்கள் தின்றோம், சடையையும் தோலையும் அவித்து வெள்ளச்சிக்குப் போட்டோம். அவள் என்னை முறைத்தாள்.

அப்போதுதான் உடுக்குச் சத்தம் எங்கள் பாதையில் திரும்பியது.

எனக்கும் பாலாமணிக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அம்மை வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள், ஒரே ஒரு ஆளைத் தவிர. தாலாட்டுப் பாடி அம்மனைக் குளிரவைக்க வருகிற பூசாரி. எவனை நிறுத்த வேப்பிலை கட்டினோமோ, அவனையே அது கூப்பிட்டிருந்தது.

சன்னாசிப் பூசாரி தட்டிக்கு வெளியே நின்றார். கணுக்கால் வரை கறுப்புச் சேறு. கையில் அந்தக் கொத்து. "ஐயாவு," என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஆத்தா வந்திருக்கிற வீட்டுல ஒரு பாட்டுச் சத்தம்கூட இல்லையேடா. திற!"

என் கை கத்தியைத் தேடியது. பூசாரியை வெட்டவா? எனக்கே தெரியாது.

"பாதம் கழுவாம எப்படிங்க?" என்று பாலாமணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். கரகம் எடுத்து வருகிற பாதத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். பெரிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாம்பாளம் நிறைய, பால் மாதிரி, இளமஞ்சளாய் ஒரு தண்ணீர். அடுப்பு மேட்டைத் திரும்பிப் பார்த்தேன். போத்தல் காலியாய்க் கிடந்தது.

பூசாரி மூக்கைச் சுளித்தார். "மஞ்சப் பாலா? என்னா நாத்தம் இது?"

"ஆஸ்பத்திரித் தண்ணி கலந்திருக்குங்க. அம்மைக்குக் குடுத்தது," என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்ததென்று தெரியவில்லை.

"ஆத்தாவுக்கே ஆஸ்பத்திரியாடா? காலம் கெட்டுப் போச்சு." ஆனாலும் இரண்டு காலையும் தாம்பாளத்தில் வைத்தார். பாலாமணி குனிந்து, விரலிடுக்கு வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இத்தனை பக்தியை அவர் பார்த்திருக்க மாட்டார்.

உள்ளே இராஜகுமாரி போர்வைக்குள் கிடந்தாள். பூசாரி உடுக்கை அடித்துப் பாடினார். போர்வை நடுங்கியது. பாடி முடித்து, திருநீறு எறிந்து, எழுந்து நின்றார்.

"பட்டியிலயும் இறங்கித் தெளிச்சிட்டே போயிர்றேன். அதுக்கு ஏன் இன்னொரு நடை?"

கழுவியது காலைத்தானே. கொத்து? லயத்துப் பன்றி எல்லாவற்றின் முதுகையும் தடவிய கொத்து அது. அவர் பின்வாசல் பக்கம் திரும்பினார். நான் குறுக்கே போனேன். "வேணாம் பூசாரி," என்றேன்.

"தள்ளுடா. என்னையா மறிக்கிற, ஆத்தாவையா?"

"போகாத!"

போர்வை விலகியிருந்தது. இராஜகுமாரி எழுந்து உட்கார்ந்திருந்தாள். முடி விரிந்து, கண் மேலே செருகி. அது என் மகளின் குரல் இல்லை. அடித்தொண்டையில் இருந்து வந்தது.

"என் வாசல்ல நின்ன கால் இன்னொரு வாசல் மிதிக்குமா? கொத்தைக் கீழ போடு! போட்டுட்டு உன் வீட்டுக்குப் போ. என்னைக் கேக்காம எந்தப் பட்டிக்குள்ளயும் இறங்காத!"

பூசாரி கொத்தைப் போட்டார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்து, பின்பக்கம் பார்க்காமல், உடுக்கைத் தட்டாமல் நடந்து போனார். நான் அந்தக் கொத்தைக் குச்சியால் தள்ளி அடுப்புக்குள் போட்டேன். மகள் மறுபடி படுத்துக்கொண்டாள். அவள் நடித்தாளா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை. கேட்டு, அவள் தெரியாது என்று சொல்லிவிட்டால்? பாலாமணியும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வெள்ளச்சி தீனி எடுக்கவில்லை.

அவித்த பலாவை முகர்ந்தாள், திரும்பிக்கொண்டாள். மூச்சு வேகமாய் ஓடியது. எழுந்தாள், படுத்தாள், மறுபடி எழுந்தாள். பொன்னுத்துரையின் பன்றிக்கும் இப்படித்தான் தொடங்கியது. காதைப் பிடித்துப் பார்த்தேன். சிவப்பா, வெயிலா? கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. "முடிஞ்சுது புள்ள," என்றேன். பாலாமணி சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளச்சி பட்டியின் மூலைக்குப் போனாள். காய்ந்த பலாச் சருகை வாயில் கவ்வினாள். கொண்டுவந்து போட்டாள். மூக்கால் தள்ளிக் குவித்தாள். மறுபடி போய்க் கவ்வினாள்.

"ஐயோ அப்பா, அது படுக்கை போடுது!" என்று இராஜகுமாரி கத்தினாள். "ஈனப் போகுது!"

பொழுது சாய்வதற்குள் பட்டி நிறையக் குட்டிகள். ஒன்று செத்துப் பிறந்தது. மற்றதெல்லாம் முண்டியடித்துப் பால் குடித்தன. செத்ததைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், காய்ச்சல் தடம் இருக்கிறதா என்று. இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. ஆழமாய்ப் புதைத்தேன்.

பதுர்தீன் ஐயா திரும்ப வந்தபோது தட்டிக்கு வெளியே நின்றே எட்டிப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "யாருக்கு அம்மை?" என்று கேட்டார்.

"அதைக் கேக்காதீங்க ஐயா."

"சரி, கேக்கல்ல. இந்தக் கொத்தை மட்டும் கழட்டிராதீங்க." இன்னொரு கறுப்புப் போத்தலைத் தட்டியோரம் வைத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை நான் எடுத்துக்கொண்டு போய் உடனே திறந்தேன்.

அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வேப்பிலையை அவிழ்க்கக் கூடாது. பாலாமணி மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் காய வைத்தாள்.

"எனக்கு ஊத்தாதீங்க. எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே," என்றாள் மகள்.

"உனக்கு யாரு ஊத்துறா?" பாலாமணி குடத்தை இடுப்பில் வைத்துப் பட்டிக்குப் போனாள். கறுப்பு மருந்துத் தண்ணீரில் காலை மிதித்துவிட்டு உள்ளே இறங்கி, வெள்ளச்சியின் தலையில் மெல்ல மெல்ல ஊற்றினாள். வெள்ளச்சி காதை அடித்துக்கொண்டு சும்மா நின்றாள். நான் கையைக் கூப்பினேன். யாரிடம் என்று எனக்கு நிச்சயமில்லை.

திரும்பி வந்து பாலாமணி வாசலில் காய்ந்துபோன கொத்தை அவிழ்த்தாள். நான் வேலியோரத்து வேம்பில் புதுக் கொத்து ஒடித்து, அதே இடத்தில் இறுக்கிக் கட்டினேன். கீழே லயத்தில் யாரோ கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது.