எட்டு ஆம்பியர்

கூடாரத்துக்குள் புல் சொதசொதவென்று கிடந்தது. யிட்ஸ்கே முன்னால் இழுக்க, வீபே பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ள, இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் அடங்கிய பெட்டி ஒருவழியாகப் பலகையேறி மேடை ஓரத்தில் நின்றது. வீபே மூச்சு வாங்கிக்கொண்டே அதன் முதுகுப்பக்கம் குனிந்தார்.

"யிட்ஸ்கே, இங்க வா. முன்னாடி என்ன ஒட்டியிருக்கான்?"

"பத்தாயிரம் வாட்ஸ். ரெண்டும் சேந்தா இருபதாயிரம்."

"பின்னாடி தகட்டுல எட்டு ஆம்பியர்னுதான் இருக்கு. நம்ம ஊரு கரண்டுல எட்டு ஆம்பியர்னா ரெண்டாயிரம் வாட்ஸ்கூட முழுசா வராது. உள்ள போறது ரெண்டாயிரம், வெளிய வர்றது பத்தாயிரமா? மிச்சத்த யாரு குடுக்கறா, வானமா?"

மேளம் வாசிப்பதுபோலத் தொடையில் தாளம் தட்டியபடி டுர்க் வந்தான். இவர்கள் வேலை பார்த்த ஒலி வாடகைக் கம்பெனி அவனுடையது. ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் கோடைத் திருவிழாக் கூடாரங்களில் பாதி அவன் கையில் இருந்தது.

"ரெண்டும் நிஜந்தான் வீபே. பாட்டுன்னா விட்டு விட்டுத்தானே வரும்? டம், அப்பறம் ஒரு இடைவெளி. அந்த ஒரு 'டம்'முக்குத்தான் பத்தாயிரம். மத்த நேரம் பெட்டி சும்மா இருக்கும். எல்லாத்தையும் சராசரி பாத்துப் போட்டதுதான் எட்டு."

"இன்னிக்குப் பாட்டுப் போட வர்ற பையன் இடைவெளி விடுவானா? போன வருஷம் அவன் போட்டது டிராக்டர் ஓடற மாதிரி நிக்காம இரைஞ்சுதே."

"எட்டும் எட்டும் பதினாறு. பதினாறு ஆம்பியர் லைன் ஒண்ணு இருக்கு. வேலயப் பாருங்க."

இன்னொரு லைன் வேண்டுமென்றால் விழாக் கமிட்டியிடம் கேட்க வேண்டும். கேட்டால் வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாலையில் வெயில் இன்னும் சாயாமல் இருந்தபோதே கூடாரம் நிரம்பிவிட்டது. அந்தப் பையன் மேடையேறிய சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிப்போனது. கரண்டு அளவு மீறியதால் பிரேக்கர் விழுந்திருந்தது. கூட்டம் ஊளையிட்டது, பீர் கோப்பைகள் பறந்தன. யிட்ஸ்கே மேடைக்கு எதிரே விளக்குகளை இயக்கும் பலகையில் இருந்தாள். மஞ்சள் மழைச்சட்டை ஒன்று பின்பக்கத் திரைக்குள் ஓடுவதை மட்டும் பார்த்தாள். கம்பெனியில் எல்லாருக்கும் மஞ்சள் சட்டைதான். மறுபடி பாட்டு கிளம்பியது. இந்தத் தடவை நிற்கவேயில்லை, கருகிய ரப்பர் நாற்றம் வரும்வரை.

அவள் ஓடிப்போனபோது வீபே புல்லில் மண்டியிட்டு வலது கையைக் குளிர்பான வாளிக்குள் அமிழ்த்தியிருந்தார். கேபிள் சுருட்டிய உருளை உருகிக் களியாகக் கிடந்தது. பிடுங்கப் போன அவர் உள்ளங்கைத் தோல் பிளக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

பிளக் இருந்தது பதினாறு ஆம்பியர் மின்பெட்டியில் அல்ல. உருளைக்கிழங்கு வறுக்கும் கடையின் பெரிய பெட்டியில். இந்தப் பாட்டு இழுக்கிற கரண்டுக்கு அங்கே பிரேக்கர் விழாது. மெல்லிய கேபிள்தான் வேகும்.

"யாரு மாத்துனது?" என்று காப்பீட்டுக்காரர் திங்கட்கிழமை கேட்டார்.

"சத்தத்தக் கொறைங்கன்னுதான் சொன்னேன்" என்றான் டுர்க். "அவரா போயி மாத்திருக்காரு. சுருட்டியே வெச்சா கேபிள் சூடேறும், உருளையக்கூடப் பிரிச்சு விடல."

"அவன்தான் மாத்தச் சொன்னான். என் காதுக்குள்ள சொன்னான்" என்றார் வீபே.

யிட்ஸ்கேயிடமும் கேட்டார்கள். மஞ்சள் சட்டை ஒன்று பின்பக்கம் ஓடியது, யாரென்று தெரியவில்லை, என்றாள். அது உண்மை. ஆனாலும் சொல்லும்போது இரண்டு பேருமே அவளை முறைத்தார்கள்.

சொந்த அஜாக்கிரதை என்று முடிவானது. வீபேக்கு நிரந்தர வேலை கிடையாது, கூப்பிட்டால் போவார். கூப்பிடுவது நின்றது.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வீபே பிடிவாதக்காரர். கூட்டம் கத்தினால் பதறிப்போவார். அவராகவே மாற்றியிருக்கலாம். டுர்க்கோ அவள் காபிக்குச் சர்க்கரைகூடத் தானே போட்டுக் கொடுக்க ஆரம்பித்திருந்தான். "வீபே நல்லவருதான், கண்ணு மங்கிப்போச்சு பாவம்" என்பான். அவள் கோப்பையைக் குடிக்காமல் வைத்துவிடுவாள். வறுவல் கடை ஹிங்கேயிடம் போய், அன்று டுர்க் அந்தப் பக்கம் வந்தானா என்று கேட்டாள்.

"எண்ணெய்ச் சட்டிய விட்டுக் கண்ண எடுக்க முடியுமா? நீ எதுக்கு இப்பத் துருவற? ஒன் வேலயும் போகணுமா?" என்றாள் ஹிங்கே.

அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊர்த் திருவிழா. அதே பெட்டி, அதே ஒட்டுத்தாள், பக்கத்தில் அதே வறுவல் கடை, புதுக் கேபிள். கேபிளின் தடிமனை விரலால் நெருடிப் பார்த்தாள். மாறவில்லை. வீபேயின் வேலை இப்போது அவளுக்கு. விளக்குக்கு ரிங்க் என்ற புது ஆளை டுர்க் போட்டிருந்தான்.

தேநீர் வேளைக்குப் பிறகு பாட்டு உச்சத்துக்குப் போனதும் பிரேக்கர் விழுந்தது. ஊளை கிளம்பியது. டுர்க் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். அவள் தோளில் கைவைத்து, காதுக்கு மிக அருகில் குனிந்தான்.

"வறுவக் கடப் பெட்டிக்கு மாத்திரு. தாங்கும்."

சாதாரணமாக, உப்பை எடு என்பதுபோலச் சொன்னான். வீபேயும் இதே சொற்களைத்தான் கேட்டிருப்பார். ஒரு வாரமாக அவள் அவரைச் சந்தேகித்திருந்தாள்.

"மைக்குல சொல்லு" என்றாள். "எல்லாரும் கேக்கட்டும்."

"என்ன?"

"இப்ப காதுல சொன்னத மைக்குல சொல்லு. அப்பறம் மாத்தறேன்."

டுர்க் சிரித்தான். கோபப்பட்டதாகவே தெரியவில்லை. "ஒனக்கு ஒடம்பு சரியில்ல போல. வீட்டுக்குப் போ யிட்ஸ்கே." பிறகு கூடாரத்துக்குள் பார்த்துக் குரல் கொடுத்தான். "ரிங்க்! கொஞ்சம் இப்பிடி வா."

அவள் எட்டிப்போய்ப் புதியவனின் கையைப் பிடித்தாள். "வேணாம் ரிங்க். அந்தக் கேபிள் வெந்துரும். வீபே கை அப்பிடித்தான் போச்சு." அவன் அவளையும் டுர்க்கையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வறுவல் கடைப் பக்கம் நடந்தான்.

யிட்ஸ்கே மஞ்சள் சட்டையைக் கழற்றிப் பெட்டிமேல் போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

வாசலில் வரிசை நீண்டிருந்தது. வரிசையில் வீபே நின்றார், சலவை செய்த சட்டையோடு. டுர்க்கைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். வேலையாட்கள் நுழையும் வாசல் வழியாக விடமாட்டார்கள் என்பதால் டிக்கெட் வாங்கியிருந்தார்.

"கைய நீட்டுங்க" என்றாள் டிக்கெட் பார்த்துக் கையில் நுழைவு முத்திரை குத்தும் பெண். இடது கையில் டிக்கெட்டும் சில்லறையும் இருந்ததால் வீபே பழக்கத்தில் வலதை நீட்டினார். விரல்நுனி முதல் மணிக்கட்டுவரை கட்டு. அவள் ஒரு கணம் தயங்கி, துணியின் மேலேயே அழுத்திக் குத்தினாள்.

நீல மை வெள்ளைத் துணியில் மெல்லப் பரவியது. கூடாரத்துக்குள் பாட்டு மறுபடி தொடங்கியது.