மலைக்கு அந்தப் பக்கம்

கணவர் ஜீவகுமார் எழுதிய கவிதைகளில் ஒன்றைக்கூடக் கனகலதா படித்ததில்லை. கவிஞர் பெண்டாட்டிக்குக் கவிதை என்றாலே ஆகாது என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். எந்த வரியில் சுதர்சனா உட்கார்ந்திருப்பாளோ என்று அவளுக்குப் பயம்.

சுதர்சனா ஜீவகுமாரின் தங்கை. சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது. கனகலதா பிறந்த ஊரில் சூரியன் வயல்காட்டில் இறங்கி மறையும் வரை கண்ணுக்குத் தெரியும். திருவண்ணாமலையில் அப்படி இல்லை. மேற்கே மலை நிற்கிறது. இந்தப் பக்கத்து வீடுகளுக்குச் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில், இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

கல்யாணமாகி வந்த புதுப்பெண்ணுக்கு இது தெரியாது. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் அடுப்பை அணைத்து, மிச்சச் சோற்றை மாட்டுக்கு வைத்துவிட்டாள். அப்போதுதான் சுதர்சனா தன் புருஷன் வீட்டிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். நாக்கு வறண்டு போயிருந்தது.

"பொழுது சாஞ்சிடுச்சிங்க. காலையில சாப்பிட்டுக்கலாம்" என்றாள் கனகலதா, பெரிய நியமக்காரி மாதிரி.

அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு மலையின் கதை தெரியாமலா இருக்கும்? ஆனாலும் புது அண்ணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சரிங்க அண்ணி" என்றாள்.

காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார் டாக்டர். பசியால் சாகவில்லைதான். ஆனால் பசியோடு செத்தாள். "அவங்க இருட்டினப்புறந்தான் வந்தாங்க" என்று கனகலதா கணவரிடம் பொய் சொன்னாள். அவர் எதுவும் கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

அன்றிலிருந்து இருட்டும் வரை அவள் அடுப்பை அணைப்பதில்லை. மலை நிழல் வீட்டுக்குள் நுழையும் நேரத்தில் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

இன்றும் கேட்டது. ஆனால் இன்று வந்தது கீதாஞ்சலி. காலேஜில் தமிழ் வகுப்பு எடுக்கிறவள். ஜீவகுமாரின் கவிதைகளைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவருகிறவள்.

"எல்லாக் கவிதையிலயும் மலைக்கு அந்தப் பக்கம் வெயில் அடிக்குதும்மா. நம்பிக்கையத்தான் அப்படிச் சொல்றாருன்னு நெனச்சேன். இந்தக் கடைசிக் கவிதைய படிச்சப்புறந்தான் புரிஞ்சிது. அது நம்பிக்கையில்ல, உறுத்தல். அதான் திரும்பத் திரும்ப வருது. இதுல எதுகையில்ல, மோனையில்ல, ஒரு உவமைகூட இல்ல. அலங்காரமா சொல்ல அவருக்கு மனசு வரல."

சொல்லிவிட்டு வாசித்தாள்.

"அடி அண்ணாமலையில் வெயில் இருந்தது.
என் வீட்டில் அடுப்பை அணைத்தேன்.
பொழுது சாய்ந்துவிட்டது என்றேன்.
தெரிந்தும் சிரித்தாள் தங்கை.
சரி என்றாள்."

அந்தச் சிரிப்பை கனகலதாவைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அப்படியென்றால் இருட்டிய பிறகு வேலை முடிந்து வந்த அண்ணனிடம் சுதர்சனா அன்றைக்கே சொல்லியிருக்கிறாள், அண்ணியின் அசட்டுத்தனத்தை வேடிக்கையாக. இத்தனை வருஷமும் எல்லாம் தெரிந்துதான் அவள் போட்ட சோற்றை அவர் தின்றிருக்கிறார். தெரிந்துதான் பழியைத் தன்மேல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"முன்னுரையில எழுதிட்டேம்மா" என்றாள் கீதாஞ்சலி, தயங்கியபடி. "தங்கச்சிய பட்டினி போட்ட அண்ணன், அந்தக் குத்தத்த ஆயுசுக்கும் பாடினாருன்னு. நாளைக்கு அச்சுக்குப் போவுது. உங்களுக்குச் சம்மதந்தானே?"

தலையை ஆட்டினால் போதும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவர் அதற்குத்தானே அப்படி எழுதினார்?

மலை நிழல் கூடத்துக்குள் வந்துவிட்டது. அடுப்பில் உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. கனகலதா அழுதுகொண்டே கீதாஞ்சலியின் கையைப் பிடித்தாள்.

"அத எடுத்துடும்மா" என்றாள். "அப்ப அவரு வீட்டுலயே இல்ல."