காலியாக இருந்த பெயர்க் கட்டம்

"பேரு வேண்டாம் டெஸ்மி."

"ஏன் உடா?"

"பேரு வெச்சா கூப்பிடத் தோணும். கூப்பிட்டா யாரு வரப்போறா?"

"சரி."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த என் கணவர் அஃப்ரிசால், கையில் ஒட்டிய சிவப்பு மண்ணைக்கூடக் கழுவாமல் சொன்னது இது. எங்கள் ஊரில் அண்ணனையும் கணவனையும் 'உடா' என்றுதான் கூப்பிடுவோம். ஏழாம் நாள் ஆடு அறுத்துப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். எங்கள் மகள் நாலு நாள்தான் இருந்தாள். அவர் வாயால் அவளுக்கு ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்று மட்டும் எனக்கு இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு, அந்த ஆசையை அப்படியே விழுங்கிவிட்டேன்.

கேட்கப் பயம். எங்கள் பக்கம் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை வந்து தங்குகிறவர். வெட்டிய மரத்தின் மேல் கிடக்கும் சாம்பல் மாதிரி மாப்பிள்ளை, பறந்துபோக ஒரு காற்று போதும் என்பார்கள். குழந்தை போன பிறகு அவர் பேச்சும் குறைந்துபோனது. விடியும்போதே முட்டை டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் எதையாவது கேட்டுவைத்து, அவர் தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டால்?

இருவருக்கும் ஒரே மருத்துவமனையில் வேலை. நான் நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஆவண அறையில். அவர் கணினிப் பிரிவின் தலைவர். போன வருஷம், காகிதத்தை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் கணினிக்குக் கொண்டுபோவது என்று மேலிடத்தில் முடிவானது. அவர் நோட்டுடன் ஒவ்வொரு பிரிவாகப் போய், யார் என்ன செய்கிறார்கள், என்ன தேவை என்று எழுதிக்கொண்டார். எங்கள் அறைக்கும் வந்தார்.

"உங்க பிரிவுக்கு என்னென்ன வேணும்?" எல்லோரிடமும் கேட்கும் அதே குரல்.

என்னோடு இருபது வருஷமாக அந்த அறையில் இருக்கும் எர்மா அக்கா விடுவாளா? "ஏன் மாப்பிள்ளை, பொண்டாட்டிக்கு என்ன வேணும்னு வீட்டுல கேக்க மாட்டீங்களோ? அதுக்கும் ஆபீஸ் நோட்டு வேணுமா?"

அறையே சிரித்தது. அவர் காது சிவக்கக் குனிந்துகொண்டார்.

"எழுத்து கொஞ்சம் பெரிசா தெரியணும்," என்றேன் நான். அதையும் எழுதிக்கொண்டு போனார்.

பிறகு இரண்டு மாதம் இரட்டை வேலை. நர்ஸ்கள் காகிதத்தில் எழுதி, அதையே மறுபடி தட்டச்சு செய்து, எங்களைப் பார்க்கும்போதெல்லாம் திட்டினார்கள். அதற்கும் பிறகுதான் பழைய கோப்புகளை ஏற்றும் வேலை. பெயரும் குடிமக்கள் எண்ணும் இல்லாத எதையும் புதிய முறை ஏற்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் திரும்பி வந்தன. எல்லாம் குழந்தைகள். பிறந்தவுடன் 'இன்னாரின் குழந்தை' என்று அம்மா பெயரில்தான் கோப்பு போடுவோம். வீட்டில் பெயர் வைத்தவர்கள் எங்களிடம் வந்து சொன்னதில்லை. ஒவ்வொரு வீடாகப் போன் செய்தோம்.

"குழந்தைக்கு என்னம்மா பேரு வெச்சீங்க?"

"இப்பவா கேக்கறீங்க? அவன் ஆறாங்கிளாஸ்ல பெயிலாகி வீட்டுல உக்காந்திருக்கான்!"

எர்மா அக்கா போனை மேஜையில் கவிழ்த்துவைத்துச் சிரித்தாள். ஆனால் அடுத்த போனில் ஒரு பெண், "அது இல்லைங்க இப்போ," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுபோனது.

கடைசியில் முப்பத்தொன்று மிஞ்சியது. பெயர் இல்லை, எண் இல்லை, ஐந்து வருஷமாக யாரும் வரவில்லை என்றால் விட்டுவிடுவது என்று ஒரு விதி. காகிதத்தையும் அழித்துவிடுவார்கள். விதியை எழுதியவர் அஃப்ரிசால்தான். முப்பத்தொன்றில் ஒன்று: 'டெஸ்மிதாவின் குழந்தை. பெண்.'

"பேர் இருக்கற எடத்துல ஒரு புள்ளி வெச்சுத் தள்ளிவிடு டெஸ்மி. எண்ணுக்கு ஒன்பதா அடிச்சு வை. மெஷின் வாங்கிக்கும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க," என்றாள் எர்மா அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

கையை விசைப்பலகையில் வைத்தேன். என் மகளுக்கு ஒரு புள்ளியா? முடியவில்லை.

திங்கட்கிழமை புதிய முறைக்கு மாறுகிறோம். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு முன், விட்டுவிட வேண்டியவற்றின் பட்டியல் போயாக வேண்டும். அன்று காலை, கணினியில் நிலுவையில் நின்ற அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரத்தில், கோப்பை யார் யார் திறந்தார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. யாரும் ஒளிந்து பார்க்கக் கூடாது என்பதற்காக வைத்தது. என் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறதோ என்று ஒரு பயத்தில் அதை அழுத்தினேன்.

என் பெயர் இரண்டு முறை. அஃப்ரிசால், பத்தொன்பது முறை.

எல்லாம் காலை ஆறரை, ஆறே முக்கால். யாரும் வராத நேரம். ஒவ்வொரு முறையும் பெயர்க் கட்டத்தைத் திருத்தத் திறந்திருக்கிறார். ஒன்றும் எழுதாமல் மூடியிருக்கிறார். இன்றும்.

என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் விடியும்போதே ஓடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

எழுந்து அவர் அறைக்குப் போனேன். வெளியே பழைய அலமாரிகளை இழுத்துப் போகும் சத்தம். பேனாவோடு நிமிர்ந்தார்.

"லிஸ்ட் முடிஞ்சுதா? பன்னண்டுக்குள்ள அனுப்பணும்."

"ஒண்ணு பாக்கி."

எது என்று அவர் கேட்கவில்லை. பேனாவை மூடினார், திறந்தார். "அது இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"பத்தொன்பது தடவை பாத்தாச்சே உடா."

அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைப் பார்த்தேன். எழுந்து போய்விடுவார் என்றே தோன்றியது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுல பேசிக்கலாம் டெஸ்மி. வேலை நேரம்..."

"வீட்டுல ஒன்பது வருஷமா பேசலையே."

கதவைச் சாத்தினேன். எதிரே இருந்த நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நம்ம பொண்ணுக்கு ஒரு பேரு வைங்க உடா," என்றேன்.