வெள்ளைத் தட்டு

"அண்ணை ஒண்டு கேக்கிறார்."

"என்னவாம்?"

"உம்மடை சுன்னாகத்து வீட்டிலை கொஞ்சம் கடதாசி அடுக்கட்டோ எண்டு. இஞ்சை கூரை ஒழுகுதெல்லே. மாரி முடியுமட்டும்தான்."

"மாரி முடிய நாங்கள் அங்கை போயிடலாமோ?"

"ஓம், பின்னை? அது உம்மடை வீடெல்லே."

கலியாணமாகி நாலாம் நாள் சீவரத்தினம் சிரித்துக்கொண்டு அப்படிச் சொன்னான். பத்மாசினியும் சிரித்தாள். அதற்குப் பிறகு மூன்று மாரி வந்து போய்விட்டது. அவளைப் பெற்ற ஐயா சீதனமாக எழுதிக் கொடுத்த கல்வீட்டில் கடதாசிக் கட்டுகளும் மைத்தகரங்களும் சுகமாகக் குடியிருந்தன. அவளோ மருதனார்மடத்தில், புருஷனின் தமையன் முத்துக்குமாருவின் வீட்டில், அண்ணனும் தம்பியும் நடத்தும் அச்சுக்கூடத்தோடு ஒட்டிய ஓர் அறையில் இருந்தாள். சுன்னாகத்து வீட்டுத் திறப்பு அவருடைய சாவிக்கொத்தில்தான் தொங்கியது. வீட்டைக் கேட்க வேண்டும் என்ற சொல் எத்தனையோ தரம் அவள் தொண்டைவரை வந்து இறங்கியிருக்கிறது. புருஷனின் தமையனோடு முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கேட்க வேண்டியவன் சீவரத்தினம். அவன் தமையனுக்கு முன்னால் செருமுவான். அதற்குமேல் ஒன்றும் வராது.

முத்துக்குமாருவைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. முதல் தோசை தம்பிக்குத்தான் என்பார். ஆனால் அவர் தொட்டதெல்லாம் பிசுபிசுத்தது. கடதாசி எண்ணும்போது ஒவ்வொரு தாளுக்கும் பெருவிரலை நக்குவார். யன்னலால் துப்புகிற வெற்றிலைச் சாற்றில் பாதி சுவரோடு நின்றுவிடும். தவழத் தொடங்கிய அவளுடைய குழந்தை போன கிழமை அந்தச் சுவரடியில் எதையோ எடுத்து வாயில் வைத்தது. பார்த்தால், அவர் மென்று துப்பிய பாக்கு. அன்று பத்மாசினிக்குச் சோறு இறங்கவில்லை.

அச்சுக்கூடத்தில் அவளுக்கென்று இருந்தது ஒரு பெட்டி மட்டும்தான். சுருட்டுக் கட்டுகளில் ஒட்டும் லேபிள்களின் நிறத்தை அளப்பதற்காகக் கொழும்பிலிருந்து வருவித்தது. குழாயில் கண்ணை வைத்தால் ஒரு பக்கம் அச்சடித்த தாள் தெரியும், மறுபக்கம் ஒரு வெள்ளைத் தட்டு. இரண்டும் ஒரே நிறமாகும்வரை தட்டின் பக்கம் நிறக்கண்ணாடிகளைச் செருக வேண்டும். எத்தனை சிவப்புக் கண்ணாடி போனதோ, அதுதான் தாளின் சிவப்பு. தட்டு வெள்ளையாக இருக்கிறதா என்று மாதாமாதம் சோதிப்பது, கல்லூரியில் படித்தவள் என்பதால், அவளுடைய வேலையாகியிருந்தது. பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனபோது பெட்டி முத்துக்குமாருவின் கைக்குப் போனது. அவள் குழந்தையோடு திரும்பி வந்த பிறகும் அவர் அதை விடவில்லை.

அன்று காலை சுருட்டுக்கடைக் கனகரத்தினம் வண்டி நிறைய லேபிள் கட்டுகளைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்.

"முத்துக்குமாரு, நான் உம்மட்டைத் தாமரைப்பூ நிறமெல்லோ கேட்டனான்? இது என்ன, அறுத்த கோழியோ?"

"பெட்டி சொன்னபடிதான் அடிச்சது. மை கலக்கிற தம்பியின்ரை கண்ணிலைதான் ஏதோ பிழை" என்றார் முத்துக்குமாரு. சீவரத்தினம் செருமினான்.

பத்மாசினி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கனகரத்தினம் போனதும் புருஷனைக் கூப்பிட்டு, பெட்டியை யன்னலடிக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

குழாயின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு. முந்தானையால் துடைத்துவிட்டு, பிறகு அந்த முந்தானையையே தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்தாள். மக்னீசியம் நாடாவைக் கொளுத்தி, அதன் வெண்புகையைப் புதுத்தட்டு ஒன்றில் படியவிட்டாள். தாள் இருக்கவேண்டிய பக்கம் பழைய தட்டையும், அதற்கு எதிரே புதுத்தட்டையும் வைத்தாள். இரண்டும் வெள்ளையென்றால் கண்ணாடியே வேண்டியதில்லை. ஆனால் புதுத்தட்டின் பக்கம் ஒரு சிவப்புக் கண்ணாடியைச் செருகிய பிறகுதான் இரண்டும் ஒத்துப்போயின.

"பாருங்கோ. தட்டே சிவந்து கிடக்கு, சிவப்புக் கண்ணாடி குறையத்தான் பிடிக்கும். அதாலைதான் தாளிலை சிவப்புக் காணாது, இன்னும் கூட்டு எண்டு பெட்டி சொல்லியிருக்கு. அது சொல்லச் சொல்ல நீங்களும் மையைக் கூட்டியிருக்கிறியள். உங்கடை கண்ணிலை ஒரு பிழையுமில்லை."

பழைய தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். விரல் இழுத்த கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. நகத்தால் சுரண்டினாள், இளஞ்சிவப்பாகப் பொருக்கு உதிர்ந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். புகையிலையும் வெற்றிலையும் கலந்த, ஊறிய வாயின் மணம்.

"இதிலை என்ன பூசினதெண்டு கேளுங்கோ" என்றாள், வெளியே கேட்கும்படி.

முற்றத்துத் திண்ணையில் இருந்த முத்துக்குமாரு வெற்றிலைத் தட்டத்தை விட்டு எழும்பவில்லை. "தட்டு மங்கிப்போச்சுது. கொஞ்சம் சுண்ணாம்பு தடவினனான். வெள்ளை எண்டால் வெள்ளைதானே?"

"வெத்திலைச் சுண்ணாம்போ, அண்ணை?" என்று சீவரத்தினம் அவளுக்காகக் கேட்டான்.

"பின்னை, சுவருக்கு அடிக்கிறதோ? நல்ல சிப்பிச் சுண்ணாம்பு. காய்ஞ்சு போய்க் கிடந்தது, நனைச்சுப் பூசினன்."

"எதாலை நனைச்சனீங்கள்?"

அவர் சிவந்த பல் தெரியச் சிரித்து, பெருவிரலை நாக்கில் வைத்துக் காட்டினார்.

 இத்தனை மாதமும் அந்த எச்சிலை அளவுகோலாக வைத்துத்தான் இந்த வீட்டில் நிறம் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் தன் புருஷனின் கண்ணைக் குருடாக்கியிருக்கிறார்கள். பத்மாசினி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, கிணற்றடிக்கு ஓடிக் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மணம் போகவில்லை.

முற்றத்தில் முத்துக்குமாருவின் குரல் கேட்டது. "போனது போகட்டும், தம்பி. உந்தப் பழுதான கட்டுகளை வண்டியிலை ஏத்திச் சுன்னாகத்துக்கு அனுப்பு. அங்கை இடம் காணாட்டில் சாமியறைக்குள்ளை அடுக்கச் சொல்லு."

சீவரத்தினம் செருமுவது கேட்டது. அவ்வளவுதான். அவள் முற்றத்துக்கு வந்தபோது அவன் குனிந்து ஒரு கட்டின் கயிற்றைப் பிடித்திருந்தான். அவளைக் கண்டதும் அவன் கை அப்படியே நின்றது. பிறகு கயிற்றை இறுக்கினான்.

இனியும் அவன் வீட்டைக் கேட்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஈரக்கையோடு அவனைத் தாண்டிப் போய், வெற்றிலைத் தட்டத்துக்கு நேர் எதிரே நின்றாள். முத்துக்குமாரு மெல்வதை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். முதன்முறையாக அவளும் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பெரியத்தான், என்ரை வீட்டுத் திறப்பைத் தாங்கோ. பிள்ளையோடை நாங்கள் அங்கை போய் இருக்கப் போறம்."