ஒரே காலுக்கு இரண்டு போட்டோ

ஹாஸ்டல் வார்டன் தாயாரம்மாள் அக்கா குனிந்து என் காலைப் போட்டோ எடுத்தார். முகத்தை எடுக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே மட்டும். விடிந்தும் விடியாத நேரம். ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ் இன்ஜினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தது.

“ஆடாத நில்லு. கலங்கிப் பூடுது.”

“எதுக்குக்கா போட்டோ?”

“எதுக்கா? பாதிக் கால்ல துணி தீந்து பூட்ச்சே, இது பேண்ட்டா டவுசரான்னு உங்க அண்ணன் பாத்து சொல்லட்டும். சேரும்போது நம்பர் குடுத்துட்டுப் போனாரு இல்ல?”

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் ஏறி உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை முட்டிக்கு மேல் வைத்து, அது போதாமல் கால்களைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். நான் எதற்குக் காலை ஒளிக்க வேண்டும் என்று அப்போதே கோபம் வந்தது. ஆனால் இழுத்த காலை வெளியே நீட்டத் தைரியம் வரவில்லை.

அண்ணன் பேச்சிராஜை உங்களுக்குத் தெரியாது. கோவில்பட்டியில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். என்னை ஒரகடத்துக் கம்பெனி வேலைக்கு அனுப்ப வீட்டில் யாருக்கும் மனசில்லாதபோது, ‘நான் பொறுப்பு’ என்று அப்பாவிடம் பேசி வாங்கித் தந்தவன் அவன்தான். ஆனால் இதே ஹாஸ்டல் வாசலில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒன்று சொன்னான். “இந்தா பாரு செல்வி, ஒன்னயப் பத்தி ஒரு சொல்லு வந்துச்சு, அன்னைக்கே பெட்டியக் கட்டிறணும்.” பெட்டியைக் கட்டினால் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸ். அதன் பிறகு, யாராவது பெண் கேட்டு வரும் வரைக்கும் காத்திருப்பது. எனக்குப் பதினெட்டு வயது. இந்த வேலையைத் தவிர என்னுடையது என்று சொல்ல இன்னும் எதுவும் சேரவில்லை.

அந்த பேண்ட் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால், இது திமிரில் போட்டதில்லை என்றாவது உங்களுக்குப் புரியும்.

நாங்கள் இருக்கும் ரூம் மூன்றாவது மாடி. மேலே சிமெண்ட் ஷீட். சித்திரையில் ராத்திரிகூட அந்த ஷீட் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். ஊரிலிருந்து நான் கொண்டு வந்ததெல்லாம் சுடிதாரும் லெக்கின்ஸும். லெக்கின்ஸ் வேர்வையில் காலோடு ஒட்டிக்கொண்டு, முழங்கால் மடிப்பில் வேர்க்குரு சிவந்து எரியும். சுடிதார் பேண்ட்டைத் துவைத்துப் போட்டால் அடுத்த ஷிஃப்டுக்குக் காயாது. தண்ணீர் வருகிற நேரம் கொஞ்சம், அதற்குள் இத்தனை பேர் துவைக்க வேண்டும். ஆளுக்கு அலமாரியில் ஒரு தட்டுதான்.

இதெல்லாம் போக, கம்பெனி வாசலில் இருக்கிற மெஷின். நாங்கள் செய்வது சார்ஜருக்குள் இருக்கும் போர்டு. நம் உடம்பில் சேருகிற மின்சாரம் துளி பட்டாலும் அது செத்துவிடும். அதனால் எல்லோரும் குதிகாலில் ஒரு பட்டை கட்ட வேண்டும். பட்டையின் நாடா சாக்ஸுக்குள் போய்த் தோலைத் தொட வேண்டும். மெஷின் தட்டில் கால் வைத்தால் பச்சை எரியும், உள்ளே போகலாம். எனக்கு முதல் மாதம் முழுக்கச் சிவப்பு. சுடிதார் பேண்ட்டின் சுருக்கம் குதிகால்வரை இறங்கி, நாடாவுக்கும் தோலுக்கும் நடுவில் துணி புகுந்துகொள்ளும். நான் அவசரத்தில் துணிக்கு மேலேயே நாடாவைச் செருகிவிட்டு வருவேன். எனக்குப் பின்னால் வரிசை நிற்கும். லைன் லீடர் சக்திகுமார் சார் கத்துவார். “செல்வி, பேண்ட்ட தூக்கிக் கட்டும்மா! கணுக்கால் எனக்குத் தெரியணும்!”

அத்தனை ஆம்பளைகள் நடுவில் குனிந்து, பேண்ட்டைச் சுருட்டி, நாடாவை எடுத்து, மறுபடி செருகி. தினமும்.

ஷாரோன் எனக்கு அடுத்த டேபிள். சேரப்பணஞ்சேரிக்காரி, வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறவள். அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் என்னைச் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோவில் இழுத்துக்கொண்டு போனாள். ரயில்வே கேட் பக்கம் தார்ப்பாய் விரித்து எக்ஸ்போர்ட் துணியைக் குவித்து வைத்திருந்தார்கள். அவள் குவியலுக்குள் தோள்வரை கையை விட்டு, பிஸ்கட் கலரில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று உருவினாள். பருத்தி. தொளதொளவென்று இறங்கி, கெண்டைக்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நின்றுவிடும் த்ரீ ஃபோர்த்.

“எங்க ஊருல இதப் போட்டா கல்லெறிவாங்க” என்றேன்.

“இது இன்னா உங்க ஊரா? போட்டுப் பார்றி. காத்து உள்ள பூந்து வெளிய வரும். அப்றம் நீயே அந்த லெக்கின்ஸ கரித்துணி ஆக்கிடுவ.”

அந்த இரண்டு பேண்ட்டை வைத்துக்கொண்டு நான் ஒரு வெயில் காலத்தையே கட்டினேன். தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் சுடிதார் டாப்பை இடுப்போடு வெட்டி, ஷாரோனின் அம்மா தையல் மெஷினில் விளிம்பு அடித்துத் தந்தார்கள், அது கருநீலத்துக்கு. அப்பாவின் பழைய வெள்ளைச் சட்டை ஒன்று, தலையணைக்குள் திணிக்கக் கொண்டு வந்தது, கையை முழங்கைவரை மடித்துவிட்டால் இரண்டுக்கும் பொருந்தியது. வல்லக்கோட்டை கோயிலுக்குப் போக, முட்டிவரை இறங்கும் பச்சை டாப்பும் துப்பட்டாவும் பிஸ்கட் பேண்ட்டின் மேல். மழை தூறினால் கீழே நனைய எதுவும் இல்லை. ராத்திரி அலசி ஃபேனுக்கு நேரே போட்டால் காலையில் காய்ந்திருக்கும். ஒரே தட்டு அலமாரியில் பாதி காலியாக இருந்தது. ரூம் பிள்ளைகள் அதிசயமாகப் பார்த்தார்கள். “ஏளா, ஒனக்கு மட்டும் எப்படி தெனம் ஒரு புதுசு?” என்று கேட்டவளிடம், “அதே ரெண்டு பேண்ட்டுதாம்ட்டி” என்றபோது எனக்கு வந்த கர்வத்தை மறைக்க மாட்டேன். கண்ணாடி முன்னால் நின்று, இன்றைக்கு என்ன போடலாம் என்று யோசிப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வேர்க்குரு ஆறியது. மெஷினில் தினமும் பச்சை.

பிறகுதான் எதிர்க் கட்டடத்துப் பையன்கள். எங்களுக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டி, தென்மாவட்டத்துப் பையன்கள் தங்கும் ரூம்கள். சாயங்காலமானால் மொட்டை மாடியில் வரிசையாக நிற்பார்கள், இடுப்பில் துண்டு, சிலர் அரை டவுசர். அங்கிருந்து ஒருவன் விசில் அடித்தான். என்னைப் பார்த்தா, வேறு யாரையாவது பார்த்தா, தெரியாது. மறுநாள் தாயாரம்மாள் அக்கா ரூம் ரூமாக வந்து, இனிமேல் யாரும் கணுக்கால் தெரிகிற பேண்ட் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டக் கூடாது, அந்த பேண்ட்டுகளைத் தெருப்பக்கக் கொடியில் காயப்போடவும் கூடாது என்றார்.

“விசில் அடிச்சது அவுகதானக்கா? அவுகள உள்ள போகச் சொல்லுங்க” என்றேன்.

“அவனுங்க எங்கனா கெட்டுப் போவட்டும். போன வருசம் ஒரு பொண்ணு ஒருத்தன்கூட பூட்டா. ஓனரு யாரக் கேட்டாரு? என்னதான் கேட்டாரு. என் சோத்துல மண்ணு போடாத கண்ணு.”

அவர் பயம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. அவருடைய பயத்தை எதற்கு என் கால் சுமக்க வேண்டும்? கொஞ்ச நாள் பேண்ட்டின் மேல் ஒரு பாவாடையைச் சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டி, பஸ்ஸுக்குள் போய்க் கழற்றினேன். அக்கா போட்டோ எடுத்த அந்த வெள்ளிக்கிழமை பாவாடை காயவில்லை. அப்படியே இறங்கினேன். மாட்டினேன்.

அதே வெள்ளிக்கிழமை, கம்பெனிக்குள், ஷிஃப்ட் தொடங்கும் முன் கூட்டத்தில் சக்திகுமார் சார் என்னை முன்னால் கூப்பிட்டார். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறார்களாம். “எல்லாரும் இங்க பாருங்க. செல்வி கால பாருங்க. பேண்ட்டு எங்க நிக்குது? பட்டை எப்டி தெரியுது? இதான் கரெக்டு. நாளைலேர்ந்து எல்லாரும் இப்டி.” கம்பெனி கேமராவை எடுத்து வந்து, குனிந்து, என் காலைப் போட்டோ எடுத்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும்.

மதியத்துக்குள் அது பெரிதாகப் பிரிண்ட் ஆகி மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. பச்சை நிறத்தில் ஒரு டிக். பிஸ்கட் பேண்ட், என் கணுக்கால், என் குதிகால் பட்டை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. காலையில் குற்றமாக இருந்தது காலை முடிவதற்குள் எப்படிச் சரியாயிற்று? நடுவில் நான் ஒன்றும் செய்யவில்லையே. பஸ்ஸில்தானே உட்கார்ந்து வந்தேன்.

“சார், அந்தப் படத்த எனக்கு அனுப்புவீகளா? வீட்டுல காட்டணும்.”

“ஐய, உள்ள எடுத்தது வெளிய போவக்கூடாதும்மா. என் வேல பூடும்.”

எங்கள் போன்களும் வாசல் லாக்கரில்தான். அதனால் என்னைக் காப்பாற்றுகிற படம் எந்த அண்ணனும் வர முடியாத இடத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது. என்னைக் கவிழ்க்கிற படம் மட்டும் கோவில்பட்டிக்குப் போய்விட்டது.

சாயங்காலம் லாக்கரைத் திறந்து போனை எடுத்தால் அண்ணனின் மிஸ்டு கால் வரிசையாக. கூப்பிட்டேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

“ஞாயித்துக்கெழம வாரேன்” என்றான். வைத்துவிட்டான்.

இன்று, ஞாயிற்றுக்கிழமை காலை, கேட்டில் அவன் பேச்சு கேட்டது. ஷாரோன் சர்ச்சிலிருந்து நேராக வந்து எனக்குத் துணையாக நின்றாள். இருவரும் படியிறங்கினோம். நான் பழைய சுடிதார் போட்டிருந்தேன், குதிகாலை மூடுகிற மாதிரி. அதற்கு என்னை நானே திட்டிக்கொண்டேதான் இறங்கினேன்.

தாயாரம்மாள் அக்கா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டம்ளரில் தண்ணீர் கொடுத்து, “உக்காருங்க தம்பி, ராவெல்லாம் பஸ்ஸுல வந்துகிறீங்க” என்று உபசரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பை பையாகத் தைத்த சாம்பல் நிற த்ரீ ஃபோர்த். கெண்டைக்கால் முடி, கணுக்கால், எல்லாம் தெரிந்தது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை. அதாவது, அது அவர் கண்ணில் படவே இல்லை.

“கம்பெனியிலதான் இப்படிப் போடச் சொல்லுதாக அண்ணே. படம்கூட ஒட்டியிருக்காக.”

“எங்க படம்? காட்டு.”

“உள்ள போன் விட மாட்டாக.”

“ம்.” அவன் நம்பவில்லை. “கரண்டைக்காலத் தெருவுக்கே காட்டிக்கிட்டுத் திரியத்தான் அப்பாகிட்ட அவ்வளவு பேசுனனா?”

நான் அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியதெல்லாம் அங்கேயே இருந்தது. வாய் வரவில்லை. ஷாரோனுக்கு வந்தது.

“அண்ணா, உங்க பேண்ட்டு நல்லாகீதே. எங்க எடுத்தீங்க? செல்விதும் அச்சு இதே அளவுதான்.”

அண்ணன் குனிந்து தன் காலைப் பார்த்தான். கீழே இறக்கி வைத்தான்.

“பஸ்ஸுல ஒரே அவிச்சலு, வேர்த்து ஊத்திருச்சு” என்றான் மெதுவாக. “அதான்.”

“அவளுக்கும் அதான்” என்றாள் ஷாரோன்.

தாயாரம்மாள் அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் எழுந்தான். ஊர்க்காரன் பிச்சையா ரூமில் தங்கிக்கொள்வதாகச் சொன்னான். எதிர்க் கட்டடம்தான். “நாளைக்கு பஸ் ஏறிறாத. காலையில நான் வந்து சொல்லுதேன்.” போகும்போது நடை கொஞ்சம் மாறியிருந்தது, பின்னாலிருந்து யாரோ தன் காலைப் பார்க்கிற மாதிரி.

இப்போது ரூமில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பயமாகத்தான் இருக்கிறது. அலமாரியைத் திறந்து பார்த்தேன். பெட்டியைக் கட்ட வேண்டும் என்றால் அதிக நேரம் ஆகாது. அதுவே ஆத்திரமாக வந்தது. பிஸ்கட் பேண்ட்டை எடுத்துக்கொண்டு போய் அலசினேன். ஃபேனுக்கு முன்னால் போடவில்லை. தெருப்பக்கக் கொடிக்குப் போனேன். கிளிப் ஒன்று கை தவறிக் கீழே விழுந்து தெருவில் சத்தம் கேட்டது. நாய் ஒன்று நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. இரண்டு காலும் நன்றாக விரியும்படி போட்டேன்.

அப்புறம்தான் எதிரே பார்த்தேன். மொட்டை மாடியில் யாருமில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில், கொடியில் தனியாக, அண்ணனின் சாம்பல் த்ரீ ஃபோர்த் சொட்டிக்கொண்டிருந்தது. மாற்றுத் துணி கொண்டு வரவில்லை போலிருக்கிறது. துவைத்துப் போட்டுவிட்டு யாருடைய கைலியையோ கட்டிக்கொண்டு தூங்கியிருப்பான். தொழிற்சாலைப் பக்கமிருந்து சூடான காற்று வந்தது. அவனுடையதும் என்னுடையதும் ஒரே சமயத்தில் கால் தூக்கி, ஒரே சமயத்தில் இறங்கின.